கீழ் பர்மா நெல் நிலம், 1930–38: வட்டிக்கடை பறித்ததா, விலைச்சரிவு தின்றதா?

ஐராவதிக்கரை:
நகரத்தாரின் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின்) லேவாதேவிதான், அதாவது வட்டிக்கடன் தொழில்தான், கீழ் பர்மாவின் சதுப்புக்காட்டை வயலாக்கியது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அது பாதிக் கணக்கு. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார் கடைகளின் கையில் இருந்தது 6 சதவீத நிலம். 1938-ல் அது 25 சதவீதம், ஏறக்குறைய 24.7 லட்சம் ஏக்கர். எட்டே வருடத்தில் இவ்வளவு நிலம் கைமாறியதற்கு வளர்ச்சி என்று பெயர் வைக்க முடியாது.

ஐந்தொகை:
ஐயா, அந்த எண்கள் சரி. ஆனால் அந்த எட்டு வருடத்தில் நெல் விலை என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1920களின் நடுவில் 100 கூடை (கூடை என்பது அங்கே நெல் அளவை) நெல் 150 ரூபாய்க்கு மேல் போனது. 1930களின் தொடக்கத்தில் அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுகிறேன். 40 ஏக்கர், ஏக்கருக்கு 32 கூடை, ஆக 1,280 கூடை. ஜூன், ஜூலையில் நடவுக்கு 1,000 ரூபாய் கடன், மாத வட்டி ஒன்றரை சதவீதம், எட்டு மாதம் கழித்துத் திருப்ப வேண்டியது 1,120 ரூபாய். 100 கூடை 150 ரூபாய் விற்றால் 747 கூடையில் கடன் அடையும். மிச்சம் 533 கூடை சாப்பாட்டுக்கும் விதைக்கும் கூலிக்கும். அதுவே 70 ரூபாய்க்கு விற்றால் 1,600 கூடை வேண்டும். களத்து நெல் முழுவதையும் அளந்து போட்டாலும் 320 கூடை குறையும். வட்டியைப் பாதியாகக் குறைத்திருந்தாலும் அவன் தப்பியிருக்க மாட்டான். கடன் ரூபாயில் நிற்கிறது, விளைச்சலின் மதிப்பு சரிந்துவிட்டது.

ஈட்டு நிலத்தை ஏலம் விட்டாலும் அப்போது எடுக்க ஆள் இல்லை. கடைகளிடம் நிலம் குவிந்ததற்கு முக்கியமான காரணம் இதுதான். லேவாதேவிக்காரனுக்குப் பணம் சுற்ற வேண்டும். மூன்று வருட ஒப்பந்தத்தில் கடையை நடத்த வந்த மேலாள் (முகவர்), ஊரில் இருக்கும் முதலாளிக்கு வயலையா கணக்காகக் காட்டுவான்?

தாராவதி:
இரண்டு பேருமே பிரிட்டிஷ் அரசாங்கத்தை விட்டுவிட்டீர்கள். 1876 நிலவருவாய்ச் சட்டப்படி 12 வருடம் தொடர்ந்து அனுபவித்து வரி கட்டியவனுக்குத்தான் விற்கவும் அடமானம் வைக்கவும் கூடிய முழு உரிமை. காடு வெட்டிய முதல் வருடங்களில் அவனிடம் காட்டப் பத்திரம் கிடையாது. உள்ளூர்க் கடைக்காரனிடம் கூடுதல் வட்டிக்குத்தான் வாங்கியாக வேண்டும். செட்டியார் கடை வாசலுக்கு வரும்போதே பலர் கடனோடுதான் வந்தார்கள்.

அதற்கு மேல் தலைவரி: மணமானவனுக்கு 5 ரூபாய், தனியாளுக்கு இரண்டரை. விலை இருந்த காலத்தில் 5 ரூபாய்க்கு மூன்று கூடைக்குக் கொஞ்சம் மேல் விற்றால் போதும். ஐந்தொகை சொன்ன 70 ரூபாய் விலையில் ஏழு கூடைக்கு மேல். வரியில் சலுகை கேட்டுத் தாராவதி மாவட்ட மக்கள் வைத்த வேண்டுகோளை அரசு மறுத்தது. 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையிலான விவசாயிகள் கிளர்ச்சி அங்கேதான் வெடித்தது. நாணயமும் இந்திய ரூபாய்தான். 1927-ல் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று கட்டிவைத்த மாற்று விகிதத்தை, விலை இவ்வளவு விழுந்த பிறகும் தளர்த்தவில்லை; தளர்த்தியிருந்தால் ஏற்றுமதி நெல்லுக்கு ரூபாயில் கொஞ்சம் கூடக் கிடைத்திருக்கும்.

ஐராவதிக்கரை:
வரி பற்றிச் சொன்னது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்தொகையின் கணக்கு 1,000 ரூபாயில் தொடங்குகிறது. அந்த 1,000 எப்படி வந்தது? வெள்ளமோ பூச்சியோ வந்த வருடம் வட்டி கட்ட முடியாவிட்டால், அதை முதலோடு சேர்த்துப் புது நோட்டு (கடன் பத்திரம்) எழுதி வாங்குவார்கள். இரண்டு தடவை அப்படி மாற்றி எழுதினால், நடவுக்கு வாங்கிய பணத்தைவிடப் பழைய பாக்கி பெரிதாகிவிடும். விலை சரிவதற்கு முன்பே, 1930-லேயே, அந்த மாவட்டங்களின் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விவசாயம் செய்யாதவர்கள் கையில் இருந்தது. விலைச்சரிவு மட்டுமே காரணம் என்றால் அந்த மூன்றில் ஒரு பங்கு எப்படிப் போனது?

நிலம் வந்த பிறகு நடந்ததையும் பேசுவோம். பழைய சொந்தக்காரனே குத்தகைக்காரன் ஆனான், அதுவும் பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு. அடுத்த வருடம் பத்துக் கூடை கூடத் தருகிறேன் என்று ஒருவன் வந்தால் இவன் வெளியே. வருடா வருடம் ஆள் மாறும் வயலில் யார் வரப்பு உயர்த்துவார்கள், யார் எரு போடுவார்கள்?

ஐந்தொகை:
அந்த மூன்றில் ஒரு பங்கில் செட்டியார் கையில் இருந்தது மொத்த நிலத்தில் 6 சதவீதம்தானே? மீதி பர்மிய வட்டிக்காரர்களும் வியாபாரிகளும் மற்றவர்களும். அவர்களில் பலர் செட்டியாரிடம் வாங்கி, மேல் வட்டி வைத்துக் கிராமத்தில் விட்டவர்கள். அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு 1930 வாக்கில் செட்டியார் கடைகளின் மொத்த முதலை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அந்த இடத்தை நிரப்ப வேறு யார் இருந்தார்கள்? கூட்டுறவு மாகாண வங்கியும் அதே காலத்தில்தான் நொடித்தது.

நோட்டு மாற்றி எழுதியது உண்மை. அதை நான் நியாயப்படுத்தவில்லை. குத்தகை விஷயத்திலும் உங்களோடு சண்டை இல்லை; நியாயக் குத்தகை நிர்ணயிக்கச் சட்டம் 1939 வரை வரவில்லை. நான் மறுப்பது "பறித்தது" என்ற சொல்லை.

ஐராவதிக்கரை:
சொல்லை மாற்றலாம். ஒரே பயிர், ஏற்றுமதியையே நம்பிய சந்தை, ஈடாக அதே வயல்: இது தெரிந்தே 75 கோடியை அங்கே இறக்கியவர்களுக்கு, விலை விழுந்தால் ஈடு மொத்தமும் ஒரே வருடத்தில் விழும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். என் கேள்வி அந்த இடத்தில்தான் நிற்கிறது.