ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவை மதிக்காதவர் மீது ஹைகோர்ட்டில் கன்டெம்ப்ட் (நீதிமன்ற அவமதிப்பு) போட முடியுமா?

ஜூனியர்_வக்கீல்:
மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் கீழ், மகன் தன் தாய்க்கு மாதம் 8,000 ரூபாய் தர வேண்டும் என்று ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. ஐந்து மாதத் தவணை பாக்கி, ஒரு பைசா வரவில்லை. போதாததற்கு, போன வாரம் விசாரணை நடக்கும்போதே மகன் ஆர்.டி.ஓ.வைத் திட்டிவிட்டு, வழக்குக் காகிதங்களை மேசையில் வீசிவிட்டு வெளியே போய்விட்டார். தீர்ப்பாயம் சிவில் நீதிமன்றமாகக் கருதப்படும் என்று அந்தச் சட்டத்தின் பிரிவு 8(2) சொல்கிறது. அப்படியானால் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 1971, பிரிவு 10-ல் (கீழ்க் கோர்ட்டுகளின் அவமதிப்பை ஹைகோர்ட் தண்டிக்கும் அதிகாரம்) நேராக ஹைகோர்ட் போகலாமா? குவாசி ஜுடிஷியல் அதிகாரி (நீதிபதி போல விசாரித்து முடிவு சொல்லும் நிர்வாக அதிகாரி) கோர்ட்டா இல்லையா என்று கேட்டால் சீனியர்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கேவியட்:
8(2)-ஐ முழுசாகப் படியுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 195-ம் பிரிவுக்கும் (சில குற்றங்களுக்குக் கோர்ட்டே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்பது) 26-ம் அத்தியாயத்துக்கும் (நீதி நிர்வாகத்தைப் பாதிக்கும் குற்றங்கள்) மட்டும்தான் சிவில் நீதிமன்றமாகக் கருதப்படும் என்றிருக்கிறது. அந்த இரண்டுக்காகத் தந்த பட்டத்தை 1971 சட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போக முடியாது. இந்த மாதிரி வாசகத்தை எவ்வளவு அளந்து போடுவார்கள் என்பதற்கு 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 136-ஐப் பாருங்கள்: 195-க்கு சிவில் நீதிமன்றம், 26-ம் அத்தியாயத்துக்கு இல்லை என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

"கோர்ட்டா" என்று பொதுவாகக் கேட்பதே சிக்கல். பிரஜ்நந்தன் சின்ஹா வழக்கில் (1956) உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் இதுதான்: சம்மன் அனுப்புவது, சாட்சியைச் சத்தியம் வாங்கி விசாரிப்பது எல்லாம் வெளித்தோற்றம். கொடுக்கும் முடிவு தரப்பினரைக் கட்டுப்படுத்தும் இறுதித் தீர்ப்பா என்பதே கேள்வி. 1850-ம் ஆண்டு பொது ஊழியர் விசாரணைச் சட்டத்தின் கீழ் விசாரித்த ஆணையர் அரசுக்கு அறிக்கைதான் கொடுத்தார், அதனால் அவர் கோர்ட் இல்லை. விசாரணைக் கமிஷனுக்கும் அதே கதி. தலைமை வகித்தவர் பதவியில் இருக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதியே ஆனாலும் கமிஷன் கோர்ட் ஆகாது என்று சுப்பிரமணியன் சுவாமி – அருண் ஷோரி வழக்கில் 2014-ல் முடித்துவிட்டார்கள்.

மறுபக்கம், பீகார் கூட்டுறவுச் சங்க உதவிப் பதிவாளரை ஜுகல் கிஷோர் சின்ஹா வழக்கில் (1967) கோர்ட் என்றார்கள். சிவில் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டிய தகராறை, சிவில் கோர்ட்டின் இடத்தில் உட்கார்ந்து அவர் தீர்க்கிறார் என்பதே காரணம். உ.பி. வருவாய் வாரியமும் ஹைகோர்ட்டுக்குக் கீழ்ப்பட்ட கோர்ட்தான் என்று எஸ்.கே. சர்க்கார் வழக்கு (1981) சொன்னது. நிர்வாகக் கட்டுப்பாடு ஹைகோர்ட்டிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தீர்ப்பு ரீதியாகக் கீழ்ப்பட்டிருந்தால் போதும்.

ரோஸ்னாமா:
ஒரே ஆர்.டி.ஓ.வுக்குப் பல நாற்காலி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலத் தகராறில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 164-ல் (பழைய 145) உட்கார்ந்தால் அவர் நிர்வாக நடுவர். அதே சட்டத்தின் பிரிவு 6 நிர்வாக நடுவரையும் குற்றவியல் நீதிமன்ற வரிசையில் வைக்கிறது. பட்டா மேல்முறையீடு கேட்கும்போது அந்த வாதம் கிடையாது. உத்தரவின் முதல் பக்கத்தில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பார்க்காமல் யாரும் கருத்து சொல்லக் கூடாது.

தனிச் சட்டமே அதிகாரம் கொடுத்திருந்தால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம். மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்கு 1985 சட்டம் பிரிவு 17, என்.சி.எல்.டி.க்கு (தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம்) கம்பெனிச் சட்டம் 425. அவர்களே அவமதிப்புக்குத் தண்டிக்கலாம்.

வாய்தாராணி:
தத்துவம் போதும், அம்மாவுக்குப் பணம் வர வேண்டும். தீர்ப்பாயம் கோர்ட்தான் என்று வாதாடி ஜெயித்தாலும், நிறைவேற்ற வேறு வழி இருக்கும்போது அவமதிப்பை வசூல் கருவியாக்காதே என்று ஹைகோர்ட் திருப்பி அனுப்பும். கபில்தேவ் பிரசாத் சா வழக்கு (1999) அதற்கென்றே இருக்கிறது. தண்டனையும் அதிகபட்சம் ஆறு மாத வெறுங்காவல், 2,000 ரூபாய் அபராதம். பாக்கி அப்படியே நிற்கும்.

வழி அதே சட்டத்தின் 5(8)-ல் இருக்கிறது. தொகையை அபராதம் வசூலிப்பது போல வசூலிக்க வாரண்ட். அதற்குப் பிறகும் பாக்கி நின்றால் ஒரு மாதம் வரை, அல்லது பணம் கட்டும் வரை சிறை. எல்லோரும் கோட்டை விடும் இடம் இதன் வரம்புரைதான் (பிரிவின் கடைசியில் வரும் நிபந்தனை): தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போட்டால்தான் வாரண்ட். ஐந்து மாதம் பாக்கி என்றால் முதல் இரண்டு மாதத்துக்கு இந்தக் கதவு அநேகமாக மூடியாயிற்று. மூன்றாவது மாதமும் போவதற்குள், இந்த வாரமே போடுங்கள். மனுவில் மொத்தமாக 40,000 என்று எழுதாதீர்கள். மாதம், கெடு தேதி, தொகை, வந்தது, பாக்கி என்று கட்டம் போட்டு, தாயின் வங்கிப் பாஸ்புக் நகலை இணையுங்கள். உத்தரவு நகலைக் கட்டணமில்லாமல் கேட்டு வாங்கலாம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு தூங்கினால் அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 226-ல் மாண்டமஸ் (கடமையைச் செய்யச் சொல்லும் ஹைகோர்ட் ஆணை): "5(8) மனுவை இத்தனை வாரத்தில் முடிக்க வேண்டும்" என்று. அந்தக் கெடுவும் தாண்டினால் மீறப்பட்டது ஹைகோர்ட்டின் சொந்த உத்தரவு. அப்போது கன்டெம்ப்ட் நிற்கும், எதிர்மனுதாரர் ஆர்.டி.ஓ. கெடு முடிந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும், 1971 சட்டம் பிரிவு 20.

ஜூனியர்_வக்கீல்:
நன்றி. ஆர்.டி.ஓ.வைத் திட்டி, காகிதங்களை வீசிய விஷயம்?

கேவியட்:
26-ம் அத்தியாயம் உதவுவது அங்கேதான். இப்போது பி.என்.எஸ்.எஸ். 384, பழைய 345. கண்ணெதிரே அவமதித்தவரை நிறுத்திவைத்து, விளக்கம் சொல்ல வாய்ப்பு கொடுத்து, அன்றைக்கு அமர்வு முடிவதற்குள் 1,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார், விசாரணை எந்தக் கட்டத்தில் தடைபட்டது எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து நோட்டீஸ் அனுப்பினால் இந்தப் பிரிவு கைவிட்டுப் போகும். உங்கள் வழக்கில் போயேவிட்டது. மிச்சம் இருப்பது பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 267-க்கு (பழைய 228, விசாரணையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியை வேண்டுமென்றே அவமதிப்பது) தீர்ப்பாயமே எழுத்தில் கொடுக்கும் புகார். பி.என்.எஸ்.எஸ். 215-ன்படி (பழைய 195) அதைத் தீர்ப்பாயம்தான் கொடுக்க வேண்டும், தாய் கொடுத்தால் செல்லாது.

இதே நடத்தைக்கு ஹைகோர்ட் அவமதிப்பு கேட்டால் பிரிவு 10-ன் வரம்புரை குறுக்கே வரும்: தண்டனைச் சட்டத்தில் தண்டிக்கத்தக்க அவமதிப்பை ஹைகோர்ட் எடுக்காது. ஆனால் அந்த வரம்புரை குறுகியது. கொவ்வூர் சப் மாஜிஸ்திரேட் பற்றி நெல்லூர் தெலுங்கு வாரப் பத்திரிகை ஒன்று லஞ்சக் குற்றச்சாட்டு எழுதியது. அவதூறு என்று தண்டிக்க முடிந்தாலும் ஹைகோர்ட் அதிகாரம் போகாது, 228 போல அவமதிப்பாகவே தண்டிக்கப்படும் செயலுக்குத்தான் தடை என்று 1952-ல் பத்தின ராமகிருஷ்ண ரெட்டி வழக்கில் சொன்னார்கள். உங்கள் வழக்கில் மகன் செய்தது அச்சுஅசல் 228.

ரோஸ்னாமா:
அன்றைய பதிவேட்டுக்குச் சான்றிட்ட நகல் மனு இன்றே போடுங்கள். "எதிர்மனுதாரர் ஆஜர், வாய்தா" என்று மட்டும் எழுதியிருந்தால் 267 புகாரும் நிற்காது.