டெலஸ்கோப்பு மேல போர்வை விழுந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. விக்கவா, வெச்சுக்கவா?

இரவாடி (கேள்வி)

ஆறு இன்ச் டாப்சோனியன், கையால திருப்பிப் பாக்கற கண்ணாடி டெலஸ்கோப். வாங்கும்போது எனக்கு 26 வயசு, கல்யாணம் ஆகல. ஆபீஸ் விட்டா ராத்திரி முழுக்க என்னுது. மெஸியர் பட்டியல்ல (கேலக்ஸி, நட்சத்திரக் கூட்டம், நெபுலா எல்லாம் சேர்ந்த பட்டியல்) இருக்கிற 110-ல 83 பாத்து நோட்டுல தேதியோட குறிச்சு வெச்சிருக்கேன். 84-க்கு எதிர்ல காலி. அதுக்கப்புறம் நோட்டு பூரா காலி.

பெருசா எதுவும் நடந்துடல. கல்யாணம் ஆச்சு. வேலையில ஒரு படி ஏறினேன், ராத்திரி எட்டு மணி மீட்டிங்கும் சேர்ந்து ஏறிக்கிச்சு. பொண்ணு பொறந்தா, இப்ப ஒரு வயசு எட்டு மாசம். எல்லாம் நான் ஆசைப்பட்டு வாங்கிக்கிட்டதுதான், யார் மேலயும் புகார் இல்ல.

போன அமாவாசைக்கு வானம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. பாப்பா ஒன்பதரைக்குத் தூங்கிட்டா. டெலஸ்கோப்பைத் தூக்கிட்டுப் போய் வெளிய வெச்சேன். கண்ணாடி வெளிக்காத்துக்குக் குளிரணும், அதுக்கு முக்கால் மணி நேரம். அதுக்குள்ள ரெண்டு கண்ணாடியையும் நேர்படுத்திட்டு, செல்போனைத் தொடாம இருட்டுல உக்காந்து கண்ணைப் பழக்கினேன். எம் 77, அதாவது மெஸியர் பட்டியல்ல 77-ஆவதா இருக்கிற கேலக்ஸி, அது இருக்கிற இடத்தைப் பிடிச்சு ஐபீஸ்ல (கண் வெச்சுப் பாக்கற லென்ஸ்) கண்ணை வெச்சேன். ஏதோ மங்கலா தெரியுது, அதுதானான்னு உறுதி பண்ணல, உள்ள அழுகை. வீட்டுக்காரிக்கு மறுநாள் காலை ஷிஃப்ட். ஓடிப் போய் லைட்டைப் போட்டேன், அரை மணி நேரமா பழக்கின கண்ணு ஒரு நொடியில போச்சு. அவ திரும்பத் தூங்கறதுக்குள்ள ஐபீஸ் பூரா பனி.

மொத்தம் ஒரு மணி பத்து நிமிஷம். கண்ணை வெச்சது நாலு நிமிஷம் இருந்தா அதிகம். அன்னிக்கு பாப்பா மேல எரிச்சல் வந்துச்சு, அதை நினைச்சு ரெண்டு நாள் என் மேலயே எரிச்சல். வித்துட்டா இந்த உறுத்தலாவது போகும்னு தோணுது. இந்த நிலைமையைத் தாண்டி வந்தவங்க சொல்லுங்க.

பத்துக்கு_ஐம்பது

உங்க ஒரு மணி பத்து நிமிஷத்தை நீங்களே கணக்குப் போட்டுக் காட்டிட்டீங்க நண்பா. பாக்கறதுக்கு நேரம் இல்லாம போகல, ஆரம்பிக்கிறதுக்கே ஒரு மணி நேரம் தின்னுது. பேச்சிலருக்கு அது கணக்குலயே வராது, ராத்திரி எட்டு மணி நேரத்துல ஒண்ணு போனா என்ன? உங்களுக்கு மொத்தமே ஒண்ணு.

ஆரம்பச் செலவு இல்லாத வேலையா பாருங்க. நான் மாறு விண்மீனுக்கு, அதாவது வெளிச்சம் கூடிக் குறையற நட்சத்திரத்துக்கு, மாறிட்டேன். அல்கோல்ங்கிற ஒரு நட்சத்திரம் போதும். சாதாரணமா ஒளி அளவு 2.1 (இந்த எண் கூடக் கூட நட்சத்திரம் மங்கல்). 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒரு தரம், மங்கலான ஜோடி நட்சத்திரம் முன்னால வந்து மறைக்கும், 3.4 வரைக்கும் இறங்கும். இறங்க அஞ்சு மணி நேரம், ஏற அஞ்சு மணி நேரம். பக்கத்து நட்சத்திரங்கள்ல அல்மாக் 2.1, எப்சிலன் பெர்சி 2.9. மூணையும் ஒப்பிட்டு இது எதுக்கு நடுவுல இருக்குன்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுது, ரெண்டு நிமிஷம். வெறுங்கண்ணு போதும். இப்படி எழுதற ஒரு வரியை 1911-ல இருந்து உலகம் பூரா வாங்கிச் சேத்து வைக்கிற சங்கம் இருக்கு, ஏஏவிஎஸ்ஓ. விளையாட்டு வேலை இல்ல.

டெலஸ்கோப்பை விக்காதீங்க. ஆனா கண்ணுல படற இடத்துல வெக்காதீங்க.

யுரேனஸ்_1781

வில்லியம் ஹெர்ஷல் பகல் பூரா சங்கீதம் சொல்லிக் கொடுத்து, ஆர்கன் வாசிச்சு சம்பாதிச்சவர். ராத்திரியிலதான் வானம். கண்ணாடியையும் தானே தேச்சு, அதுல யுரேனஸைக் கண்டுபிடிச்சார். மனசு இருந்தா நேரம் தானா வரும் பிரதர்.

ஊசிநூல்

மேல இருக்கிறவருக்கு: ஹெர்ஷல் ஒரு தடவை பதினாறு மணி நேரம் கண்ணாடியில இருந்து கையெடுக்காம தேச்சார். அந்த நேரம் பூரா அவர் வாயில துண்டு துண்டா சாப்பாட்டை ஊட்டினது தங்கை கரோலின். அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. நேரம் தானா வரல, ஒருத்தர் கையில இருந்து வந்துச்சு. அதே கரோலின் தன் முதல் வால்மீனைக் கண்டுபிடிச்சது 1786 ஆகஸ்ட்ல. அண்ணன் அப்ப பயணத்துல இருந்தார். நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே யோசிச்சுக்கோங்க.

இரவாடி தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். கண்ணாடி குளிர எவ்வளவு நேரம்னுகூட எழுதியிருக்கீங்க. உங்க வீட்டம்மாவுக்கு முன்னாடி என்ன பிடிக்கும், அது இப்ப எங்க இருக்குன்னு ஒரு வரி இல்லையே? சண்டைக்குக் கேக்கல. எனக்கு எம்பிராய்டரி. பாதி போட்ட மயில் ஒண்ணு பதினொரு வருஷமா வளையத்துல இருக்கு, கழுத்து வரைக்கும்தான். வீட்டுல அதைப் பத்தி யாரும் எங்கயும் கேள்வி போடல.

வெண்புரை

எனக்கு 57. பிள்ளைகள் பொறந்தப்ப வித்துட்டு 19 வருஷம் கழிச்சு எட்டு இன்ச் வாங்கினவன். ஓய்வா இருக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இளமையில் இருட்டில் கண்பாவை ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விரியும். வயதாக ஆக அது குறைந்துகொண்டே வரும், என் வயதில் பலருக்கு 5 தாண்டினாலே பெரிது. என் பழைய 7x50 பைனாகுலரில் வெளியே வரும் ஒளிக்கற்றை 7 மில்லிமீட்டர். இப்போது அதில் பாதிதான் எனக்குள் போகிறது. நேரம் திரும்பக் கிடைத்தது, அந்தக் கண் கிடைக்கவில்லை.

ஆகவே விற்க வேண்டாம். மூடியைப் போட்டு ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். தூசி படிந்தால் துணியால் துடைத்துவிடாதீர்கள், கீறல் விழும். அலுமினியப் பூச்சு மங்கினால் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

இரவாடி

எல்லாருக்கும் நன்றி. ஊசிநூல் அக்கா, படிச்சதும் சுருக்குன்னுச்சு. அவகிட்ட கேட்டேன். "ஏன் திடீர்னு?"ன்னு ஒரு மாதிரியா பாத்தா. ஷட்டில் ஆடுவா, கல்யாணத்துக்கு முன்னாடி வாரம் நாலு நாள். எனக்குத் தெரியும், மறந்திருந்தேன். ராக்கெட் எங்க இருக்குன்னு தேடினா அலமாரி மேல, என் டெலஸ்கோப் அட்டைப்பெட்டிக்கு அடியில. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் அவ போறா, எட்டு மணி மீட்டிங்கை அந்த ரெண்டு நாளும் பாப்பாவை மடியில வெச்சுக்கிட்டு நடத்தறேன். மேனேஜர் இன்னும் எதுவும் சொல்லல.

அல்கோல் விஷயம். திங்கட்கிழமை விடியறதுக்கு முன்னாடி ரெண்டு மணிக்கு பாப்பா எழுந்துட்டா. தோள்ல போட்டுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். அட்டவணைப்படி சரியா அப்பதான் அடிமட்டம். எப்சிலனை விட மங்கலா இருந்துச்சு, கண்ணால பாத்தேன். பாப்பா அதைப் பாக்கல, என் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தா. இடது கையால 3.3-ன்னு கிறுக்கினேன். நோட்டுல புதுப் பக்கம்.

அடுத்த மறைப்பு புதன் ராத்திரி 10:49. தூங்கிட்டேன்.