மறு: ‘தொடங்காமை’ – ஒரு சொல் போதாது

அன்புள்ள குழுவினருக்கு,

> ஓட்டுநர் கையேட்டின் ஏழாம் அத்தியாயத்துக்குத் ‘தொடங்காமை’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். செல்ஃப் சுற்றாதது, சுற்றியும் வண்டி கிளம்பாதது, இரண்டும் இதில் அடங்கும்.

ஓட்டுநர் கையேட்டைத் தமிழில் எழுதும் நண்பர் நம் குழுவில் இட்ட வரி இது; செல்ஃப் என்பது சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுற்றிவிடும் மின்மோட்டார். இந்த ‘அடங்கும்’தான் எனக்கு உறுத்துகிறது. ஒரு வாரமாக இழையைப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் இனி முடியாது.

என் மச்சானிடம் ஒரு பழைய டீசல் லாரி இருக்கிறது. (கையேட்டுக்காரர் மன்னிக்கவும், எனக்குச் சரக்குந்து என்று எழுதக் கை வரவில்லை.) கம்ப்யூட்டர் எதுவும் ஏறாத காலத்து வண்டி. டீசல் பம்பு, டீசலைப் பீய்ச்சும் நாசில், செல்ஃப், இரண்டு பேட்டரி, அவ்வளவுதான். லோடு கிடைக்காமல் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் ஒரு காலி மனையில் பத்து நாள் நின்றது. நிறுத்தும்போது நன்றாக இருந்த வண்டி, அன்றைக்குச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் பேச்சு மூச்சு இல்லை.

மாதவரத்தில் இருக்கும் மேஸ்திரிக்குப் போன் போட்டு, “அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகலண்ணே” என்றான் மச்சான். மேஸ்திரி திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி.

“செல்ஃப் எட்க்கலியா, எட்த்தும் புடிக்கலியா?”

ஏழாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பார்க்க வேண்டியது பேட்டரி, டெர்மினல், எர்த், செல்ஃப் மோட்டார், அதன் முதுகில் உட்கார்ந்து அதற்குக் கரண்டைத் திறந்துவிடும் வரிச்சுருள் (பட்டறையில் சோலனாய்டு). நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் இவை ஒன்றையும் தொட வேண்டாம், டீசல் போகும் வழியைப் பார்க்க வேண்டும். தெரியாதவர் பிடிக்காத வண்டிக்குப் புது பேட்டரி வாங்கி வருவார். எங்கள் தெருவில் வாங்கியிருக்கிறார்கள்.

மேஸ்திரி வருவதற்குள் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி பலவீனம். எங்கள் வண்டியில் வெளிச்சம் அசையவே இல்லை. மீட்டரில் இரண்டு பேட்டரியும் சேர்ந்து 25 வோல்ட் காட்டியது. 24 வோல்ட் வண்டிக்கு அது போதும். வந்தவர் ஜம்பர் கேபிளின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை நேராக இன்ஜின் உடம்பிலும் கவ்வவிட்டார். செல்ஃப் எடுத்துவிட்டது! சேசிஸையும் இன்ஜினையும் இணைக்கும் எர்த் பட்டை உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்தது. சோலனாய்டை இழுக்கக் கொஞ்சம் கரண்ட் போதும், அது துருவுக்குள்ளும் நுழைந்துவிடும், அதனால் ‘டக்’. இன்ஜினைச் சுற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். அது அங்கே மாட்டிக்கொண்டது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினோம்.

கதை அதோடு முடியவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை. கூடியிருந்த ஐந்து பேரும் “ஏர்” என்றார்கள், அதாவது டீசல் வரும் வழியில் காற்று புகுந்துவிட்டது என்று. ஃபில்டர் மேல் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தோம். குமிழ் ஒன்றும் இல்லாமல் டீசல் சுத்தமாக வந்தது. மேஸ்திரி மட்டும் சைலன்சரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “பொகை வரல பாரு” என்றார். டீசல் உள்ளே போய் எரியாமல் இருந்தால் சுற்றும்போது வெள்ளையாகப் புகை வரும். புகையே இல்லை என்றால் டீசலே உள்ளே போகவில்லை. பையன் ஒருவன் பம்பின் பக்கவாட்டில் கையை விட்டு ஸ்டாப் லீவரைத் தள்ளினான். இன்ஜினை நிறுத்த இழுக்கும் கம்பி, பத்து நாள் முன் இழுத்த இடத்திலேயே துருப்பிடித்து நின்றிருந்திருக்கிறது. அடுத்த சாவிக்கு வண்டி பிடித்துக்கொண்டது.

ஒரே வண்டி, ஒரே காலை, இரண்டு கோளாறு. முதல் கோளாறு இரண்டாவதை மறைத்துக்கொண்டிருந்தது. ‘தொடங்காமை’ என்ற ஒரே சொல்லால் இதை எழுதிப் பாருங்கள்: “தொடங்காமையைச் சரிசெய்த பிறகு தொடங்காமை ஏற்பட்டது.”

> செல்ஃப் எடுக்கல, பிடிக்கல என்பதெல்லாம் கொச்சை. வணரி சுழலாததால் ‘வணராமை’ எனலாம்.

வணரி என்று இவர் சொல்வது இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் தண்டை. அதிலுள்ள வணர் அருமையான சொல். சங்கப் பாட்டில் யாழின் வளைந்த கோட்டுக்கு வருவது. ஆனால் வணராமை என்றால் வளையாமை. நம் வண்டியில் அந்தத் தண்டு ஏற்கெனவே வளைந்துதான் இருக்கிறது, இனியும் வளைந்தால் வேறு அத்தியாயம் எழுத வேண்டியிருக்கும்.

கொச்சை என்பதைப் பற்றியும் ஒன்று. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் (இன்றைய அசோக் லேலண்டு) எண்ணூரில் வண்டி பூட்டியது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் பூட்டியது. எழுபது வருஷத்துக்கு மேலாக இன்ஜினோடு பேசிப் பழகிய வடசென்னை வாய் இது. ‘செல்ஃப்’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றிய காலத்தில், 1912-இல் கேடிலாக் காரில் மின்சாரத்தால் தானே சுற்றும் கருவி வந்தது. கைவேலை ஒழிந்ததை அந்தப் பெயர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. ‘தொடக்கி’யில் அது இல்லை. போதாததற்கு, போர்வெல் மோட்டாரின் சுவர்ப் பெட்டிக்கும் தொடக்கி என்றுதான் பாடநூலில் பெயர்.

என் முன்மொழிவு: இன்ஜின் சுழலாமை, இன்ஜின் பற்றாமை.

முதலாவதில் ‘இன்ஜின்’ என்ற அடையை விட்டுவிடக் கூடாது. செல்ஃப் மட்டும் ‘விர்’ரென்று சும்மா சுற்றி, அதன் பல் இன்ஜினின் ஃபிளைவீல் சக்கரத்தில் சேராமல் போவதும் உண்டு. அப்போது சுழல்வது செல்ஃப், சுழலாதது இன்ஜின். இரண்டாவது, ‘பிடிக்கல’ என்பதன் எழுத்து வடிவம். தீ பிடித்தாலும் பற்றியது என்கிறோம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அமுக்கப்பட்ட காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு ஏறாது, அதனால் சுழற்சிக் கோளாறே பற்றாமையாகத் தெரியலாம் என்று ஓர் எச்சரிக்கைக் குறிப்பு அந்த இடத்தில் கட்டாயம் வேண்டும்.

> பற்றாமை என்றால் போதாமை என்று படிப்பார்களே? சம்பளம் பற்றவில்லை என்பது போல.

நியாயமான பயம். அதனால்தான் மேஸ்திரியிடமே கேட்டேன். “இன்ஜின் பற்றலன்னா இன்னா அர்த்தம்ணே?” என்றதும் கொஞ்சம் யோசித்து, “அடுப்பு பத்தலன்ற மாதிரியா?” என்றார். சம்பளம் அவர் நினைவுக்கு வரவில்லை. ஒருவரை வைத்து முடிவு கட்டக்கூடாதுதான். வேறு பட்டறைகளிலும் கேட்டுச் சொல்லுங்கள். ‘பிடியாமை’யும் எனக்குச் சம்மதமே, கொஞ்சம் யானை வாசனை அடிக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றுக்குத்தான் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. பற்றி, நாலு முறை தடதடத்து, அணைந்துபோவது. ஏர் உண்மையிலேயே பிடித்திருந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். பட்டறையில் “புடிச்சி வுட்டுடுது” என்கிறார்கள். ‘பற்றி அணைதல்’ என்றால் வண்டி எரிந்து அணைந்தது போல இருக்கிறது. யாராவது ஒரு சொல் தாருங்கள். அதுவரை ஏழாம் அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
தண்டையார்பேட்டையிலிருந்து