கடல் பனியில் மாட்டிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

ராயபுரத்திலிருந்து, ஓய்வுபெற்ற செகண்ட் ஆபீசர்:
அண்டார்டிகாவில் நம்முடைய பாரதி ஆராய்ச்சி நிலையத்துக்குச் சாமான் ஏற்றிப்போன வாடகைக் கப்பல். கரையோடு ஒட்டி உறைந்த பனிக்கும் வெளியே மிதந்து அலைகிற பனிக்கும் நடுவில் ஒரு நீர்வழி. செயற்கைக்கோள் ரேடார் படத்தில் 3 மைல் அகலத்துக்குக் கருப்பாகத் தெரிந்தது. நம்பிப் போனோம். கிட்டே போனால் வழியைக் காணோம், ஒரே வெள்ளை.

படம் எடுத்து 14 மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வளவு நேரமும் கிழக்கிலிருந்து 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) காற்று. மிதக்கும் பனி காற்றின் வேகத்தில் சுமார் 2 சதவீதம் நகரும். அப்படியென்றால் 0.6 நாட், 14 மணி நேரத்தில் 8 மைலுக்கு மேல். அதுவும் காற்றோடு நேராகப் போகாது. பூமி சுழல்வதால், பூமியின் தென்பாதியில் 20 முதல் 40 டிகிரி வரை இடப்பக்கம் ஒதுங்கும். (வடபாதியில் வலப்பக்கம். 1893-96இல் ஃப்ராம் கப்பலைப் பனியோடு உறையவிட்டு மிதந்த நார்வே ஆய்வுப் பயணி நான்சன் கண்டு சொன்னது.) மேற்கே போகிற பனிக்கு இடப்பக்கம் தெற்கு. அங்கே தெற்கில்தான் கரை. அந்தப் பக்கம் மட்டும் 4 மைல் தள்ளியிருக்கும், 3 மைல் வழி எப்படி மிஞ்சும்? ஒரு பென்சில் போதும் இந்தக் கணக்குக்கு. நான் போடவில்லை. காற்று திரும்பும்வரை இரண்டு நாள் நின்றோம். பனி நெருக்கும்போது கப்பலின் இரும்பு முனகுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பள்ளிக்கரணையிலிருந்து:
சார், நான் அந்த மாதிரிப் படங்களைப் பார்த்துப் பனி வரைபடம் போடுகிறவள். எனக்கு நடந்தது நேர்மாறு. காற்று கலக்கிய வெறும் தண்ணீரைப் பனி என்று குறித்துவிட்டேன், கப்பல் வீணாகச் சுற்றிப்போனது. ரேடார் அலையைக் கிடையாக அதிரும்படி அனுப்பி, கிடையாக அதிர்வதையே திரும்ப வாங்கினால் அலையடிக்கும் நீரும் பனிபோல வெளுத்துத் தெரியும். கிடையாக அனுப்பி, செங்குத்தாக அதிர்வதை வாங்கும் படத்தில் நீர் பெரும்பாலும் கருப்பாகவே நிற்கும். சென்டினல்-1 என்கிற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள் இரண்டையும் தருகிறது. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் கோடு போடுவதில்லை.

திருவொற்றியூரிலிருந்து:
குரோலரை, அதாவது பனிமலையிலிருந்து உடைந்து மிதக்கும் சின்னத் துண்டை, மறந்துவிடாதீர்கள். தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர்கூட இருக்காது, கப்பல் ரேடாரில் அலைகளோடு அலையாக மறைந்துவிடும். ராத்திரியில் வேகத்தைக் குறைத்து, சர்ச்லைட் போட்டு, ஆள் நின்று பார்ப்பதுதான்.

ராயபுரத்திலிருந்து:
பள்ளிக்கரணைத் தங்கச்சிக்கு ஒரு வேண்டுகோள். படம் எடுத்த நேரத்தை வரைபடத்தின் மேலேயே பெரிய எழுத்தில் போடும்மா, கிரீன்விச் நேரத்தில். கப்பல் கடிகாரத்தை வழியில் மாற்றிக்கொண்டே வருவோம்.