பிம்: வேதாகமத்தில் ஒரே ஒரு வசனத்தில் மட்டும் வரும் எபிரேயச் சொல், உங்கள் அனுபவங்கள்

கடலோர வாசகன்:
1 சாமுவேல் 13:21. நம் பழைய வேதாகமத்தில் ‘அரங்கள்’ என்று வரும் இடம். எபிரேயத்தில் அங்கே நிற்பது ‘பிம்’. எருசலேமில் ஓர் அருங்காட்சியகத்தில், வழிகாட்டி அவசரப்படுத்திக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல் பொறித்த கல்லைப் பார்த்துவிட்டேன். கொட்டைப்பாக்கு அளவுதான். அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் உருண்டை, வெளிறிய சுண்ணாம்புக்கல். உச்சியில் பழைய எபிரேய எழுத்தில் பே, யோத், மேம்: பிம். எடைக்கல்! ஏறக்குறைய 7.8 கிராம், சேக்கல் என்ற பழைய எடையளவில் மூன்றில் இரண்டு பங்கு. வசனம் பேசுவது கூலியைப் பற்றி. இஸ்ரவேலில் கொல்லன் இல்லை. கலப்பைக் கொழுவைத் தீட்ட எதிரியான பெலிஸ்தனிடம் போனவன் அந்த எடைக்கு வெள்ளி நிறுத்துக் கொடுத்தான். சொந்த மண்ணை உழுவதற்கே எதிரிக்குக் கூலி! அந்தக் கொடுமை ‘அரம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இத்தனை காலம் மறைந்து கிடந்ததே என்று இன்னும் மனம் ஆறவில்லை.

வேதபாட மாணவன்:
நீங்கள் பார்த்த கல், அந்த வசனம் பேசும் சவுல் அரசனின் காலத்ததாக இருக்க வாய்ப்பில்லை. பிம் கற்கள் பெரும்பாலும் கி.மு. 8, 7ஆம் நூற்றாண்டு யூதாவைச் சேர்ந்தவை. சவுல் மிகவும் முந்தியவர். மொழிபெயர்த்தவர்களையும் நோகாதீர்கள். பிம்முக்கு முன்னால் நிற்கும் ‘பெத்சீரா’வும் வேறெங்கும் வராத சொல். கேசேர் போன்ற பழைய நகரங்களைத் தோண்டிக் கற்களை எடுக்கும்வரை அவர்கள் என்னதான் செய்ய முடியும்? எங்கள் ஆசிரியர் பழைய ஏற்பாட்டின் பழங்காலக் கிரேக்க மொழிபெயர்ப்பை (எழுபதின்மர் மொழிபெயர்ப்பு) திறந்து, அதே இடத்தில் ‘மூன்று சேக்கல்’ என்று இருப்பதைக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கணக்கு தவறினாலும் எடை அங்கே இருக்கிறது! ஆகவே அரிய சொல் எதிர்ப்பட்டால் உடனே வேர்ச்சொல் தேடி ஓடாதீர்கள். முதலில் முன்பின் வசனங்களைப் படியுங்கள். பிறகு கிரேக்கம். பிறகு அக்காடியம், உகாரித்தியம் போன்ற உறவுமொழிகள். வேர் கடைசியில்தான். பிரசங்கம் செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் பழக வேண்டும். ஒரு நல்ல விளக்கவுரையாவது கையில் இல்லாமல் மேடை ஏறக்கூடாது.

மயிலாடும்பாறை:
மேடை என்றதும் நினைவுக்கு வந்தது. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த ‘துக்கியீம்’ (1 இராஜாக்கள் 10:22; மயில்கள் என்று மொழிபெயர்க்கப்படும் எபிரேயச் சொல்) நம் ‘தோகை’யே என்று ஒரு கூட்டத்தில் பேச்சாளர் முழங்கினார். கால்டுவெல்லும் எழுதியதுதான். கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசைப் பெரியவர் எழுந்து, “அது ஒருவகைக் குரங்கின் எகிப்தியப் பெயர் என்றும் அறிஞர்கள் சொல்கிறார்களே, ஐயா?” என்றார். பேச்சாளர் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார். என் மனம் மயில் பக்கமே நிற்கிறது. ஆனாலும் பேச்சாளர் அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.