ஐந்தாவது நகர்த்தலிலேயே கவிழ்ந்துவிட்டேன், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நேற்று குன்னூரில் எங்கள் கிளப் செஸ் ஆட்டத்தில் 17 நகர்த்தலில் தோற்றேன். எனக்குக் கறுப்பு. ஆட்டம் இப்படிப் போனது (முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு; எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்): சிப்பாய் இ4 இ5, குதிரை எஃப்3 குதிரை சி6, பிஷப் சி4 குதிரை எஃப்6. நாலாவதாக எதிராளி குதிரையை ஜி5-இல் வைத்தார். டி5 ஆடினேன், சிப்பாயால் வெட்டினார். யோசிக்காமல் குதிரையால் திருப்பி வெட்டினேன். அங்கேயே ஆட்டம் போச்சு. எஃப்7-இல் குதிரையைப் பலி கொடுத்தார். ராஜாவால் வெட்டியதும் ராணி எஃப்3-இல் வந்து செக். டி5 குதிரையைக் காப்பாற்ற ராஜாவே இ6-க்கு ஏற வேண்டியதாயிற்று. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி, டீ கிளாஸைப் பிடித்தும் எதிராளிக்கு விரல் விறைக்கிறது, எனக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. இந்தத் தாக்குதலின் பெயரையும் பாருங்கள், ஃப்ரைட் லிவராம். ஈரல் வறுவல்!

வீட்டுக்கு வந்து பார்த்தால், ஐந்தாவதாகக் குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் துரத்துவதுதான் வழக்கமாம். சரி, ஆனால் பிஷப் பி5 செக், சி6, அவர் சிப்பாயால் வெட்ட, நான் பி சிப்பாயால் வெட்ட, கடைசியில் எனக்கு ஒரு சிப்பாய் குறைவு. குதிரையும் ஓரத்தில் கிடக்கிறது. அதற்கு ஈடாகக் கறுப்பு என்ன திட்டத்தோடு ஆட வேண்டும்? இல்லை, மூன்றாவதிலேயே பிஷப்பை சி5-இல் வைத்து இந்த வம்பையே தவிர்க்கலாமா? அடுத்த ஞாயிறும் அதே ஆளோடுதான். ஆடிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.