குளிர்காலக் கொடுப்பனவு: 3 பவுண் 5 பென்ஸால் தவறியவர்கள்

(லண்டன் தமிழர் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக எழுதியது)

நலக்கொடுப்பனவு ஆலோசனை, ஈஸ்ட் ஹாம்

பிரித்தானிய அரசாங்கம் முதியவர்களின் குளிர்கால எரிபொருள் செலவுக்குக் கொடுக்கும் வின்டர் ஃபியூவல் கொடுப்பனவை 2024இல் வெட்டியதைப் பற்றிய வாக்குவாதம் இன்னும் "பணக்காரருக்கு ஏன் கொடுக்க வேணும்" என்ற இடத்திலேயே நிற்கிறது. படிவம் நிரப்பும் மேசைக்கு வருகிறவர்கள் பணக்காரரும் இல்லை, அரசாங்கக் கணக்கில் ஏழைகளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆட்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத வேணும்.

1997இல் அப்போதைய நிதியமைச்சர் கோர்டன் பிரவுண் தொடங்கிய கொடுப்பனவு இது. 80 வயதுக்குக் கீழே உள்ள வீட்டுக்கு 200 பவுண், 80க்கு மேல் 300. 2024 ஜூலை 29 அன்று நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் இதைப் பென்சன் கிரெடிட் (முதியவரின் வருமானம் ஒரு எல்லைக்குக் கீழே இருந்தால் அந்த எல்லை வரை நிரப்பும் உதவி) போன்ற வருமானம் பார்த்துக் கொடுக்கும் உதவி பெறுகிறவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார். சுமார் ஒரு கோடிப் பேர் அந்த ஒரு அறிவிப்பில் வெளியே போனார்கள். செப்டம்பர் 10இல் இதைத் தடுக்க எதிர்க்கட்சி நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் 348க்கு 228 என்று தோற்றது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு முழுமையான புதிய அரச பென்சன் கிழமைக்கு 221.20 பவுண். தனி ஆளுக்குப் பென்சன் கிரெடிட் எல்லை 218.15. வேறு ஒரு சதமும் வராமல், அரச பென்சன் ஒன்றையே நம்பி இருந்தவர் 3 பவுண் 5 பென்ஸ் கூட வாங்கினதால் 200 பவுணையும் இழந்தார். எல்லையை அரச பென்சனுக்கே கீழே போட்டுவிட்டு "வசதியானவர்களிடம் எடுக்கிறோம்" என்று சொன்னது நியாயமே இல்லை.

ஆனால் "எல்லை தாண்டிவிட்டது" என்று சொல்லி ஆளைத் திருப்பி அனுப்புவதும் பெரிய பிழை. எல்லாருக்கும் எல்லை ஒன்று அல்ல. 2025–26 கணக்கில், தனியாக வாழும் 71 வயது அம்மா ஒருவருக்கு அரச பென்சன் 230.25, எல்லை 227.10. தோல்விதான். முழங்கால் வருத்தத்தால் குளிக்கவும் உடுக்கவும் ஆறு மாதமாக உதவி தேவைப்படுகிறது என்று அவர் அட்டென்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்புத் தேவைப்படும் முதியவருக்கான உதவி) எடுத்தால் கிழமைக்கு 73.90 வரும். அது வருமானமாகக் கணக்கெடுக்கப்படாது. அதோடு கடும் இயலாமைக்கான மேலதிகத் தொகை 82.90 சேர்ந்து எல்லை 310 பவுணாக உயரும். கிழமைக்கு 79.75 பென்சன் கிரெடிட்டாகவே கிடைக்கும். ஆண்டுக்கு 4,100க்கு மேல். 200 பவுணுக்காக வந்த ஆளுக்கு இருபது மடங்கு. இதற்கு இரண்டு நிபந்தனை உண்டு: அவரைப் பராமரிப்பதற்காக வேறு யாரும் கேரர்ஸ் அலவன்ஸ் வாங்கக்கூடாது; வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட வேறு ஆள் இருக்கக்கூடாது. மகனோடு இருக்கும் அம்மாவுக்கு மேலதிகத் தொகை தவறுவது இந்த இரண்டாவதால்தான். ஆனால் மகனுடைய சம்பளத்தை அம்மாவின் வருமானமாகப் பார்ப்பதில்லை. பிள்ளைகளோடு இருந்தால் விண்ணப்பிக்கவே முடியாது என்று நம்பி, உரிமை இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் நிறைய.

ஃபிளாட் சொந்தமாக வைத்திருப்பவர்கள் சேர்விஸ் சார்ஜ், நிலவாடகைக் கடிதங்களையும் கொண்டுவர வேணும். அவையும் எல்லையை உயர்த்தும். 2016 ஏப்ரல் 6க்கு முன் பென்சன் வயதை அடைந்தவர்களுக்கு எல்லைக்குக் கொஞ்சம் மேலே போனாலும் சேவிங்ஸ் கிரெடிட் என்ற பகுதி கிடைக்கலாம். அது 2 பவுணாக இருந்தாலும் 2024இல் குளிர்காலக் கொடுப்பனவுக்குக் கதவைத் திறந்தது.

பென்சன் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்க 0800 99 1234. கையில் இருக்க வேண்டியவை: நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், வங்கி விபரம், சேமிப்புத் தொகை, தனியார் பென்சன் கடிதம். மூன்று மாதம் பின்தேதியிடச் சொல்லி, அதாவது முந்திய மூன்று மாதத்தையும் சேர்த்துக் கணக்கெடுக்கச் சொல்லி, கேளுங்கள். 2024 குளிர்காலத்துக்குக் கடைசி நாள் டிசம்பர் 21 என்று வந்ததே இந்தப் பின்தேதி விதியால்தான். தகுதிக் கிழமை, அதாவது பென்சன் கிரெடிட் உரிமை இருந்திருக்க வேண்டிய கிழமை, செப்டம்பர் 16 முதல் 22. ஜனவரி பில் வந்த பிறகு விழித்தவர்களுக்கு அந்தக் குளிர்காலம் கைவிட்டுப் போயிற்று.

காஸ் பொறியாளர், குரொய்டன்

200 பவுண் என்றால் எவ்வளவு சூடு என்று இந்த வாக்குவாதத்தில் யாரும் சொல்வதில்லை, அக்கா. 2024 அக்டோபர் விலை உச்சவரம்பில் (கம்பனிகள் எடுக்கக்கூடிய ஆகக்கூடிய விலை) காஸ் யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி, 6.24 பென்ஸ். பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் வரும் நாள் கட்டணத்தை விட்டுவிட்டால் 200 பவுணுக்கு 3,200 யூனிட். அப்போதைய கணக்கில் சராசரி வீடு ஆண்டுக்கு 11,500 யூனிட் எரித்தது. ஆக, கால்பங்குக்குக் கொஞ்சம் மேல். கொடுப்பனவு நின்ற அதே அக்டோபரில் உச்சவரம்பு, சராசரி வீட்டின் ஆண்டுக் காஸ், மின் பில்லாகச் சொன்னால், 1,568இலிருந்து 1,717 பவுணுக்கு ஏறியது.

காஸை அணைத்துவிட்டு ஒரு அறைக்குள் மின் ஹீட்டரோடு இருப்பது மலிவு என்று முதியவர்கள் நினைக்கிறார்கள். 2 கிலோவாட் ஹீட்டர் அந்த விலையில் மணிக்கு 49 பென்ஸ். நாளுக்கு 8 மணித்தியாலம் போட்டால் 200 பவுண் 51 நாளில் முடியும். மற்ற அறைகள் குளிர்ந்து சுவரில் ஈரம் பிடித்துப் பூஞ்சணம் வரும். பாவிக்காத அறையின் ராடியேட்டர் வால்வை முழுதாக மூடாமல் 1இலோ 2இலோ விடுங்கள். இருக்கும் அறை 18 பாகைக்குக் கீழே போகக்கூடாது.

கொம்பி பொய்லர் (தாங்கி இல்லாமல் அப்போதைக்கப்போது தண்ணீரைச் சூடாக்குவது) என்றால் ராடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 60 பாகைக்குக் குறையுங்கள். திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் பொய்லர் புகையில் போகும் சூட்டை மீட்டெடுக்கும். பல வீடுகளில் பூட்டின நாளிலிருந்து 75, 80 என்றே கிடக்கிறது. தனிச் சுடுதண்ணீர்த் தாங்கி உள்ள வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். அதற்கு 60க்கு மேல் வேணும்.

முற்கட்டண மீட்டர்தான் மிகவும் கவலையானது. கோடையில் காஸுக்குக் காசு போடாமல் விட்டாலும் நாள் கட்டணம் கடனாகச் சேரும். நவம்பரில் 20 பவுண் போட்டால் அதில் ஒரு பகுதியை அந்தக் கடன் விழுங்கும். மீட்டர் பழுது என்று கூப்பிடுவார்கள். மீட்டரில் பழுது ஒன்றும் இராது. கோடையிலும் மாதம் 10 பவுணாவது போட்டு வையுங்கள்.

தன்னார்வ மொழிபெயர்ப்பு, டூட்டிங்

எங்கட ஆட்களுக்குக் குறிப்பாக நாலு விசயம்.

பென்சன் கிரெடிட் கணக்கில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் காணியும் வீடும் மூலதனம். நீங்கள் குடியிருக்கும் வீடு விலக்கு. 10,000 பவுண் வரை பார்க்கமாட்டார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 500க்கும் அல்லது அதன் பகுதிக்கும் கிழமைக்கு 1 பவுண் வருமானம் என்று எடுப்பார்கள். 14,200 இருந்தால் 9 பவுண். மறைத்தால் பிறகு முழுத்தொகையையும் திருப்பிக் கேட்பார்கள். போட்டிருக்கும் நகை சொந்தப் பாவனைப் பொருள், அதைக் கணக்கெடுப்பதில்லை. சீட்டில் எடுத்த காசு வங்கியில் கிடந்தால் அது சேமிப்புத்தான்.

ஊருக்குப் போவது இரண்டாவது. நாலு கிழமைக்கு மேல் திட்டமிட்டுப் போனால் பென்சன் கிரெடிட் முதல் நாளிலிருந்தே நிற்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு ஆவணியில் போய்ப் புரட்டாதிக் கடைசியில் திரும்பினவர்களுக்கு 2024இல் தகுதிக் கிழமையும் அதற்குள்ளே மாட்டிக்கொண்டது. போகுமுன் அறிவியுங்கள், திரும்பிவந்த அன்றே புதிதாக விண்ணப்பியுங்கள்.

கணவனுக்கு 68, மனைவிக்கு 60 என்றால் பென்சன் கிரெடிட் புதிதாகக் கேட்க முடியாது. 2019 மே 15 முதல் இருவரும் பென்சன் வயதில் இருக்க வேணும். அவர்கள் வேலை செய்யும் வயதினருக்கான யூனிவர்சல் கிரெடிட் பக்கம் போக வேணும். அங்கே 16,000க்கு மேல் சேமிப்பு இருந்தால் ஒன்றும் இல்லை. வயது வித்தியாசம் கூடிய எங்கட குடும்பங்கள் இதில்தான் அதிகம் அடிபட்டன.

கடைசியாக, தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேளுங்கள், இலவசம். பேரப்பிள்ளை கதைத்தால் "அப்பம்மா நல்லாத்தான் இருக்கிறா" என்று ஒரு வார்த்தை விழுந்துவிடும், இயலாமைக்கான கேள்வி அதோடு மூடிவிடும்.

கணக்காளர், ஹரோ

எல்லாருக்கும் கொடுக்கத்தான் வேணும் என்ற பக்கம் நான் இல்லை. ஆண்டுக்கு 80,000 வருமானம் உள்ளவருக்கு இந்தக் காசு தேவையில்லை. அந்தக் காசு சமூகப் பராமரிப்புக்குப் போனால் நல்லது. ஆனால் மேலே சொன்ன 3 பவுண் 5 பென்ஸ் கணக்குக்கு என்னிடமும் பதில் இல்லை. பென்சன் கிரெடிட் உரிமை உள்ளவர்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட அதைக் கேட்பதில்லை என்று தெரிந்திருந்தும் அதையே வாசற்படியாக வைத்தது தவறு.

2025 ஜூன் 9 அன்று அரசாங்கம் பின்வாங்கி 35,000 பவுண் என்று புது எல்லை போட்டது. இங்கிலாந்து, வேல்ஸில் கொடுப்பனவு பென்சன் வயதினர் பெரும்பாலானவர்களுக்குத் தானாக வரும். 35,000க்கு மேல் வரிக்குரிய வருமானம் உள்ளவரிடம் வரித்துறை திருப்பி எடுக்கும். PAYE வழியாக (சம்பளம், பென்சனிலிருந்து நேரே பிடிக்கும் முறை) வரி கட்டுபவருக்கு 2025 குளிர்காலக் கொடுப்பனவுக்காக 2026–27 வரிக்குறியீட்டில் மாற்றம் வரும், 200 பவுணுக்கு மாதம் 17 அளவில். சுயமதிப்பீடு செய்பவர் 2025–26 படிவத்தில் பார்க்க வேணும்.

கவனிக்க வேண்டியது, இதில் படிப்படியான குறைப்பு இல்லை. 35,001 என்றால் முழுத்தொகையும் போகும். வருமானம் 31,000 உள்ளவர் கூரை திருத்தத் தனியார் பென்சனிலிருந்து 8,000 எடுத்தால், 2,000 வரியில்லை, 6,000 வருமானத்தில் சேரும். அந்த ஆண்டுக் கொடுப்பனவு போயிற்று. இரண்டு வரி ஆண்டில் பிரித்து எடுத்திருக்கலாம்: மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரல் 6க்குப் பிறகு மிச்சம். இரண்டு ஆண்டும் எல்லையைத் தாண்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஐசா (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) வட்டி, அட்டென்டன்ஸ் அலவன்ஸ் இரண்டும் கணக்கில் இல்லை.

மீண்டும் ஈஸ்ட் ஹாம்

ஹரோ அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேணும். 35,000 என்பது ஆளுக்கு ஆள், வீட்டுக்கு அல்ல. கணவனுக்கு 60,000, மனைவிக்கு 12,000, இருவரும் 80க்குக் கீழே என்றால் இருவருக்கும் 100, 100 வரும். அவருடைய 100 மட்டும் திரும்பிப் போகும், அவவுடையது அவவுக்கு. இருவருக்கும் 34,000 என்றால் வீட்டுக்கு 68,000 வந்தும் ஒன்றும் திரும்பாது. இதைக் கேட்டு மேசையில் கோபப்படுகிறவர்களுக்குச் சொல்ல நல்ல பதில் கிடையாது.

இந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி இணைப்போடு வரும் குறுஞ்செய்தி எல்லாம் மோசடி. பெரும்பாலானவர்களுக்குப் பென்சன் வரும் அதே கணக்குக்கு நவம்பர், டிசம்பரில் தானாக விழும். வங்கி விபரம் கேட்டால் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் 159க்கு அடித்து உங்கள் வங்கியோடு உடனே கதையுங்கள்.